தமுக்கத்துக் கப்பல்

கடல் பார்க்க வேண்டுமென்றால்
தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ
பஸ் ஏற வேண்டிய ஊர் இது.
வைகையிலேயே பல மாதம்
கணுக்கால் நனையாது.
ஆனாலும் சித்திரைக்குச் சித்திரை
தமுக்கம் மைதானத்தில்
ஒரு கப்பல் வந்து நிற்கும்.

நூற்று எண்பது பிளைவுட் பலகை,
சவுக்குக் கட்டை, சாக்கு, தகரம்.
கான்ட்ராக்டர் செய்யது இபுராகிம்.
ஆணி அடிப்பது ஒச்சப்பன்.
விளக்குப் போடுவது பிரிட்டோ.
டிக்கெட் கிழிப்பது நான்.

முதல் வருசம் எம்டன்.
சென்னையில் எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்திவிட்டு
இருட்டோடு இருட்டாகப் போன ஜெர்மன்காரன் கப்பல்.
கைமாத்து வாங்கிக்கொண்டு
கண்ணில் படாமல் திரிகிறவனையும்
எங்கள் தெருவில் எம்டன் என்றுதான் சொல்வோம்.
என்னிடம் நானூறு வாங்கிய எம்டன்
குடும்பத்தோடு வந்து
பீரங்கி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

மறு வருசம் ரஜூலா.
நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு
ஆளையும் வெங்காயத்தையும் சேர்த்து ஏற்றிப் போனது.
பீரங்கி வைத்த துளைகளையெல்லாம்
வட்டமாக அறுத்து ஜன்னலாக்கினான் ஒச்சப்பன்.
மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி
கீழ்த்தளத்தில் மூன்று தரம் நடந்துவிட்டு
"எங்கப்பா எந்த இடத்துல படுத்திருப்பாரு?" என்றாள்.
பிரிட்டோ யோசிக்கவே இல்லை,
ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கை காட்டினான்.
அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.
அதற்கப்புறம் அந்த இடத்தில்
நாங்கள் எதையும் வைக்கவில்லை.

அடுத்தது தூத்துக்குடிக் கப்பல்.
வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்கு ஓடியது.
ஓட்டியவர் செக்கிழுக்கப் போனார்,
கப்பல் விலைக்குப் போனது.
பெயரைப் பெரிசாக எழுதி வைத்தோம்:
எஸ். எஸ். காலியா.
வாசலுக்கு வந்தவர்கள்
"காலியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு
டெல்லி அப்பளம் தின்னப் போனார்கள்.
காலிதான்.
இபுராகிமின் மானம் கப்பலேறியது.
அந்த வருசம் ஏறியது அது ஒன்றுதான்.

இந்த வருசம் டைட்டானிக்.
நாலு புகைபோக்கி.
நிஜக் கப்பலிலேயே நாலாவது சும்மா,
பார்வைக்கு வைத்தது என்று பிரிட்டோ சொன்னான்.
ஒச்சப்பனுக்கு நிம்மதி.
"அவிங்களும் நம்மாளுகதான்" என்றான்.

பதினோராம் நாள், ராத்திரி எட்டே கால்.
அழகர்மலைப் பக்கம் ஒரு மின்னல்,
பிறகு கோடை மழை.
கரண்ட் போனது.
ராட்டினம் பாதியில் நின்றது.
அப்பளக் கடைப் பந்தல் பறந்தது.
கூட்டம் ஓடி வந்தது,
ஒதுங்க வேறு இடமில்லாமல்
மூழ்கிய கப்பலுக்குள்.

கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.
"பொம்பளைக பிள்ளைகள முதல்ல விடுங்கப்பா"
என்று யாரோ கத்தினார்கள்,
யாரும் சொல்லிக்கொடுக்காமலே.
டிக்கெட் கிழிக்கவில்லை,
ஆனால் எண்ணினேன், பழக்க தோஷம்:
நூற்றுப் பதினேழு பேர், ஒரு நாய்,
ஆறாத எண்ணெய்ச் சட்டியோடு பஜ்ஜிக்காரர்.

வெளியே டார்ச் அடித்துப் பார்த்தால்
டிஸ்டெம்பர் கரைந்து ஓடுகிறது.
டைட்டானிக் வழிந்து காலியா தெரிந்தது.
காலியா வழிந்து ரஜூலாவின் 'ஜூ' மட்டும்.
அதற்கும் அடியில்
எம்டனின் சாம்பல் நிறம்.

இபுராகிம் கன்னத்தில் கை வைத்து நின்றார்.
"கப்பலே கவிழ்ந்தாலும்..." என்று ஆரம்பித்தேன்.
"கவிழ்றது என் கப்பல், பேச்சி" என்றார்.
பிறகு கையை எடுத்தார்,
சாய்ந்துகொண்டிருந்த சவுக்குக் கட்டையைப் பிடிக்க.
அரை மணி நேரம் பிடித்தபடியே நின்றார்.

மழை விட்டது. கரண்ட் வந்தது.
ஈரச் செருப்போடு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.
ஒரு சிறுமி பலகையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.
மறுபடி எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு.
இன்னொரு தரம் உள்ளே போய்ப் பார்த்தேன்,
ஜெனரேட்டர் பக்கம்கூட.

பின்பக்கத்தில் ஒரு தகரம்
ஆள் நுழையும் அளவுக்கு விலகிக் கிடந்தது.
சேற்றில் தல்லாகுளம் நோக்கிக் கால் தடம்.

என் நானூறோடு
எம்டன்.